கோணல் எழுத்தில் ஒரு வாழ்த்து



பிள்ளைகள் படிப்பில் ஒரு படியைத் தாண்டும் காலங்களில் நமது வீடுகளுக்குச் சில வெற்றுக் கடதாசிகள் வந்து சேரும். சாதாரண தரம் முடிக்கும் பிள்ளை ஓட்டோகிராப் கொப்பியோடு வருவாள். உயர்தரம் முடிக்கும் வகுப்பினர் பிரியாவிடை மலர் வெளியிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிப்பவர்கள் தங்கள் நினைவு மலரில் பெற்றோரின் வாழ்த்துக்கென்று அரைப் பக்கம் ஒதுக்கி, "அம்மா, இதில ஏதாவது எழுதித் தாங்க" என்று கேட்பார்கள். பட்டமளிப்பு விழா நெருங்கினால், பத்திரிகையில் வாழ்த்துப் போடுவோம் என்று ஒரு மாமா வெளிநாட்டிலிருந்து தொலைபேசி எடுப்பார்.

இந்தக் கடதாசிகளைக் கண்டதும் நமது அம்மாமார் பலருக்குக் கை நடுங்கும். அரிசி மூடை சுமந்த கை, செங்கல் அரிந்த கை, முகாமில் தறப்பாள் கட்டிய கை, பேனையைப் பிடித்ததும் நடுங்கும். பிறகு அந்தக் கடதாசி என்னைப் போன்ற ஒருத்தியிடம் வரும். "மிஸ், நீங்க படிச்சனீங்கதானே. நல்ல தமிழில எழுதித் தாங்க."

நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எத்தனை பேருக்கு என்று கணக்கில்லை. அப்படிக் கொடுத்தது சரிதானா என்பதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு கதைக்க வந்திருக்கிறேன். இதில் எனது பிழை ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படுவான்கரையில் நான் வேலைசெய்யும் கிராமமொன்றில் ஓர் அம்மா இருக்கிறார். நான்காம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்து வாவியைக் கடந்து வந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். அந்த அம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளோடு அப்போது வந்தவர்தான். கணவர் அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னர், மாடு தேடி வருகிறேன் என்று வெளிக்கிட்டுப் போனவர். இன்று வரை திரும்பவில்லை. மூத்த மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. முகாமில், தறப்பாளுக்குக் கீழேதான் பெருக்கல் வாய்ப்பாடு பாடமாக்கினாள். பின்னாளில் அவள் வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினோம்.

அவளுடைய இறுதியாண்டில் நினைவு மலருக்கான கடதாசி வீட்டுக்கு வந்தது. அம்மா அதை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, வியர்வை படாமல் என்னிடம் கொண்டுவந்தார். நான் இருபது நிமிடத்தில் எழுதி முடித்தேன். "கல்விக் கடலில் நீந்திக் கரை சேர்ந்த செல்வமே" என்று தொடங்கினேன். இலட்சியம், தியாகம், விடாமுயற்சி, சிகரம் எல்லாம் அதில் வந்தன. வாசித்துக் காட்டினேன். அம்மாவின் கண் கலங்கியது. "நல்லாரிக்கு மிஸ், எனக்கு இப்பிடியெல்லாம் வராது" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து மகளை செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது கண்டேன். மலர் வந்துவிட்டதா என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"வந்திட்டு மிஸ். அம்மாட வாழ்த்த நீங்கதானே எழுதினீங்க?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அம்மா இலட்சியம் எண்ட சொல்ல ஒரு நாளும் வாயால சொன்னதில்ல மிஸ்."

கோபமாகச் சொல்லவில்லை. பிறகு தனது பேர்சைத் திறந்து, நான்காக மடித்த ஒரு மட்டைத் துண்டை எடுத்துக் காட்டினாள். பிஸ்கட் பெட்டியின் மட்டை. 2022இல் நாடு முழுவதும் பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, விடுதியில் இருந்த மகளுக்கு ஊரிலிருந்து யாரோ வந்தவரிடம் அம்மா ஒரு பார்சல் கொடுத்துவிட்டிருக்கிறார். அதற்குள் வைத்த துண்டு இது. கருவாடு பத்துத் துண்டு இருக்கிறது, இரண்டு நாளைக்கு ஒன்றாகச் சாப்பிடு, கறுப்பி இரண்டு குட்டி போட்டிருக்கிறது, ஒன்றுக்கு நெற்றியில் உன்னைப் போல் மச்சம் இருக்கிறது. இவ்வளவுதான் அதில் இருந்தது. கறுப்பி அவர்கள் வளர்க்கும் ஆடு. எழுத்துகள் ஒன்று மேலே, ஒன்று கீழே. ரகரமும் றகரமும் இடம் மாறியிருந்தன.

"படிக்க ஏலாம இருக்கிற நாளில இதத்தான் எடுத்துப் பாப்பன் மிஸ்" என்றாள். அவளுடைய பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றேன். என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு தாய் தன் மகளுக்குச் சொல்லவேண்டிய இடத்தில் நான் ஏறி நின்று கதைத்திருக்கிறேன். உதவி என்று நினைத்து, அந்த அம்மாவின் குரலை எடுத்துவிட்டு எனது குரலை வைத்திருக்கிறேன். வாழ்நாளில் ஒரு தடவை வரும் அரைப் பக்கம் அது.

அன்று வீட்டுக்கு வந்து எனது பழைய ஓட்டோகிராப் கொப்பியைத் தேடி எடுத்தேன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு வகுப்புப் பிள்ளைகளிடம் வாங்கியது. நாற்பத்திரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், அதில் முப்பது பேருக்கு மேல் ஒரே விதமான அடுக்கு வசனங்களைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தியின் கொப்பியிலிருந்து மற்றவள் பார்த்தெழுதியவை. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது.

நாவலடியில் இருந்து வந்து படித்த தோழி ஒருத்தியும் அதே அடுக்கு வசனத்தைத்தான் எழுதியிருந்தாள். ஆனால் பக்கத்தின் கீழே, இடம் மிஞ்சியதால் போலும், சின்ன எழுத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாள். "உன்ட நீலப் பேனை என்னிட்டத்தான் இரிக்கு. களவெடுக்கல்ல, மறந்து கொண்டு போயிட்டன். ரிசல்ட் பாக்க வரக்குள்ள தாறன்."

டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. நாவலடி எப்படிப் போனது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவள் ரிசல்ட் பார்க்க வரவில்லை.

இந்த இருபது வருடத்தில் அவளுடைய அடுக்கு வசனத்தை நான் ஒரு தடவையும் நினைத்ததில்லை. அந்தப் பேனையை நினைக்காத வருடமில்லை. அவள் பேசும் விதம், களவு என்று நான் நினைத்துவிடுவேனோ என்ற பயம், திருப்பித் தரவேண்டும் என்ற நேர்மை எல்லாம் அந்த ஒரு வரியில் அப்படியே இருக்கிறது.

தோழியரே, நாம் ஏன் பெரிய சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். நமது சொற்கள் எழுதத் தகுதியில்லாதவை என்ற எண்ணம் சிறுவயதிலேயே நமக்குள் போடப்பட்டுவிடுகிறது. எழுத்து என்றால் மேடை, மேடை என்றால் செந்தமிழ். அடுக்களையில் கதைக்கும் தமிழ் மேடைக்கு ஆகாது. யுத்தம் இதற்கு மேல் இன்னொன்றையும் செய்தது. எத்தனையோ படிவங்களை நாம் நிரப்பினோம். நிவாரணப் படிவம், இடம்பெயர்ந்தோர் படிவம், காணாமற் போனோர் பற்றிய முறைப்பாடு, நட்டஈட்டு விண்ணப்பம். எல்லாவற்றையும் வேறு யாரோ எழுதினார்கள், நாம் கீழே கையொப்பம் வைத்தோம். நமது வாழ்க்கையைப் பிறர் எழுத, நாம் கையொப்பம் வைத்துப் பழகிவிட்டோம். பிள்ளைக்கு எழுதும் வாழ்த்தையும் அப்படியே செய்கிறோம்.

இன்னொரு விடயத்தையும் சொல்லவேண்டும். பெரிய சொற்களை விட்டுவிட்டு மனந்திறந்து எழுதும் அம்மாமாரும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் எழுதுவதை வாசிக்கும்போது எனக்கு வேறொரு கவலை வரும். "உனக்காக நான் தோட்டை விற்றேன், குவைத்தில் நான்கு வருடம் பாத்திரம் கழுவினேன், நுண்கடன் எடுத்து மடிக்கணினி வாங்கித் தந்தேன், இதையெல்லாம் மறந்துவிடாதே" என்று எழுதுவார்கள். ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் பட்டம் பெறும் நாளில் அதை வாசிக்கும் பிள்ளைக்கு அது வாழ்த்தாகத் தெரியாது. கடன் பற்றுச்சீட்டாகத் தெரியும்.

சமூகவியல் படித்த காலத்தில் மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925ஆம் ஆண்டில் கொடை பற்றி எழுதியதைப் படித்தோம். கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது ஆகிய மூன்றும் சமூகங்களில் கடமைகளாகவே இருந்து வருகின்றன என்பது அவர் கருத்து. பரீட்சைக்காகப் பாடமாக்கிய இந்தக் கருத்து, கிராமங்களில் வேலைசெய்யத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. அம்மா கணக்குக் கேட்கமாட்டார். ஆனால் பிள்ளை மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பட்டம் முடித்த பிள்ளைகள் வேலைக்காக வருடக்கணக்கில் காத்திருப்பதை நாம் காண்கிறோம். வேலை கிடைக்காத ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கு அவளுக்குள் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் அவளுடைய கையில் இருக்கும் அம்மாவின் கடிதம் ஆறுதல் தரவேண்டுமா, இன்னும் பாரமேற்றவேண்டுமா?

பட்ட கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் போகக்கூடாது. ஆனால் அதன் முடிவில், "இது உனது கடன் இல்லை" என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இனி அந்த அம்மாவின் கதைக்குத் திரும்புகிறேன்.

பட்டமளிப்பு விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர் பத்திரிகையில் மகளின் படத்தோடு வாழ்த்துப் போடப் பணம் அனுப்பினார். விபரம் எடுக்க வந்த பொடியன் பெற்றோரின் பெயரைக் கேட்டான். அம்மா சொன்னார். "அப்பா அமரரா?" என்று கேட்டான். அவன் கெட்ட நோக்கத்தில் கேட்கவில்லை. வாழ்த்து வாசகத்தில் அப்படித்தான் போடுவார்கள்.

அம்மா பதில் சொல்லவில்லை. பேனையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு விளக்கம் தேவைப்படாது. மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் காரியம் நடக்கும் என்று அலுவலகங்களில் சொல்லப்பட்ட காலத்தில், எடுக்கமாட்டேன் என்று திரும்பி வந்தவர்கள் நீங்கள். மரணம் என்று பதியாமல், காணாமற் போனவர் என்றே சான்றிதழ் பெறக்கூடியவாறு 2016ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அந்தச் சான்றிதழைக் கூட எடுப்பதா விடுவதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளை எனக்குத் தெரியும். அப்படியிருக்க, மகளின் மகிழ்ச்சிக்காகப் போடும் வாழ்த்தில், தனது கையாலேயே "அமரர்" என்று எழுதிக் கொடுப்பதா? அதை விட்டுவிட்டு வெறும் பெயரை மட்டும் போட்டால், பார்ப்பவர்கள் அவர் எங்கே என்று கேட்பார்கள். பெயரையே போடாமல் விடுவதா?

அன்று மாலை என்னிடம் வந்து, "பேப்பர் வேணாம் மிஸ்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

விழாவுக்கு அம்மாவும் இளைய மகளும் போனார்கள். அவர்களோடு நானும் துணைக்கு வந்தாறுமூலைக்குப் போனேன். அந்த வளாகத்துக்குள் போகும்போது எங்கள் பக்கத்துத் தாய்மார் எல்லோரும் மகிழ்ச்சியில் மட்டும் அழுவதில்லை. 1990ஆம் ஆண்டு அங்கே அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் செப்டெம்பர் 5ஆம் திகதி பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுடைய உறவினர்களின் பிள்ளைகளும் அதே இடத்தில் படித்துப் பட்டம் வாங்குகிறார்கள்.

மகளின் முறை வந்தபோது நான் வெளியே நின்றேன். அம்மா உள்ளே இருந்தார். விழா முடிந்து வந்தவர் ஒன்றும் கதைக்கவில்லை. படம் எடுத்தோம், தேநீர் குடித்தோம், பஸ் ஏறினோம். மண்முனைப் பாலத்தில் பஸ் போகும்போதுதான் வாயைத் திறந்தார்.

"மிஸ், முதல் அவரிட பேரத்தான் கூப்பிட்டாங்க."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. நம்மிடையே பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பனின் பெயர் வரும். மேடையில் மகளை அழைத்தபோது ஒலிபெருக்கியில் முதலில் கேட்டது அந்தத் தகப்பனின் பெயர். அமரர் என்றும் சொல்லவில்லை, காணாமற் போனவர் என்றும் சொல்லவில்லை. பெயரை மட்டும் சொன்னார்கள்.

"இத அவளுக்கு எழுதோணும் மிஸ். நீங்க எழுத வேணாம். நான் எழுதுறன். நீங்க பக்கத்தில இருங்க" என்றார்.

அப்படித்தான் இருந்தேன். இரண்டு மாலைப் பொழுதுகள் பிடித்தன. நான் செய்த வேலை, கேள்வி கேட்டது மட்டும்தான். அவள் சின்னவளாக இருந்தபோது என்ன செய்தாள்? விடுதிக்குப் போன நாள் என்ன நடந்தது? இன்னும் சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது இருக்கிறதா? அம்மா வாயால் சொல்லிச் சொல்லி, பிறகு அதையே எழுதினார். ஓர் எழுத்து வராதபோது மட்டும் கேட்டார்.

நீங்களும் இப்படி எழுதலாம். அதற்காகச் சில விடயங்களைச் சொல்லி வைக்கிறேன்.

முதலாவது, பிள்ளையை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே தொடங்குங்கள். "மகள்" என்றால் மகள், "மனே" என்றால் மனே, "குஞ்சு" என்றால் குஞ்சு. செல்வமே, திலகமே எல்லாம் வேண்டாம்.

இரண்டாவது, உங்களுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஒரு சம்பவத்தை எழுதுங்கள். ஒன்று போதும். பெரிய சம்பவமாக இருக்கவேண்டும் என்றில்லை. மழைக்கு நனைந்த கொப்பியை அடுப்படியில் காயவைத்தது, முகாமில் விளக்கு அணைந்த பிறகு வாய்ப்பாடு சொன்னது போன்ற ஒன்று.

மூன்றாவது, அவளிடம் நீங்கள் கண்ட ஒரு குணத்தைச் சொல்லுங்கள். கெட்டிக்காரி என்று எல்லோரும் சொல்வார்கள். தனது பங்கில் பாதியைத் தங்கச்சிக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுவாள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நான்காவது, நான் முன்னர் சொன்னதுபோல், கடனிலிருந்து அவளை விடுவித்துவிடுங்கள்.

ஐந்தாவது, திகதியைப் போட்டு "அம்மா" என்று உங்கள் கையால் எழுதுங்கள். எழுதவே தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதலாம். எழுதுபவர் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது. முடிவில் நீங்கள் பெருவிரல் அடையாளம் வைத்தாலும் அது உங்கள் கடிதம்தான். வெளிநாட்டில் வேலைசெய்யும் அம்மாமார் தொலைபேசியில் குரல் பதிந்து அனுப்புகிறார்கள். அது நல்லது, குரலைக் கேட்பது பெரிய விடயம். ஆனால் தொலைபேசி பழுதானால் குரலும் போய்விடும். முடிந்தால் அந்த வார்த்தைகளை ஒரு கடதாசியிலும் எழுதி அனுப்புங்கள்.

பிள்ளைகள் அம்மாவுக்கு எழுதும்போதும் இதே முறைதான். "தியாகத்தின் திருவுருவே" என்று எழுதினால் அம்மா வாசித்துவிட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். அம்மாவைக் கடவுளாக்கிவிட்டால், அவருக்குக் களைப்பு வரும், பசி வரும் என்பதை நாமே மறந்துவிடுவோம். "அம்மா, நீங்க சாப்பிட்டிட்டன் எண்டு சொன்ன நாளெல்லாம் சாப்பிடல்ல எண்டு எனக்குத் தெரியும்" என்று எழுதிப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்கு எழுதுபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வாகரையிலிருந்து 2006, 2007 காலத்தில் இடம்பெயர்ந்து வந்த ஒரு பிள்ளை, பின்னர் தாதியர் பயிற்சி முடித்தபோது முகாமில் தனக்குப் படிப்பித்த ரீச்சருக்குக் கடிதம் எழுதினாள். "எனக்குக் கொப்பி இல்லாத நாளில் நீங்கள் பழைய பதிவுப் புத்தகத்தின் எழுதாத தாள்களைக் கிழித்து நூலால் தைத்துத் தந்தீர்கள். அதில்தான் பின்னம் படித்தேன்" என்று எழுதியிருந்தாள். ரீச்சர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். கடிதத்தை எனக்குக் காட்டி, "இப்பிடி ஒண்டு செய்தது எனக்கே ஞாபகமில்ல பிள்ள" என்று சொல்லி அழுதார். நல்ல ஆசிரியர்கள் தாங்கள் செய்ததை மறந்துவிடுவார்கள். ஞாபகப்படுத்துவது மாணவரின் வேலை.

ஆசிரியர்களாக இருக்கும் தோழியருக்கும் ஒரு வேண்டுகோள். நாற்பது கொப்பி வரிசையாக வரும்போது "நன்கு கற்று முன்னேறுக" என்று கையொப்பம் வைப்பது இலகு. எனது கொப்பியில் கணித ரீச்சர் மட்டும் இப்படி எழுதினார்: "விடையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, பயத்தில் அழித்துவிடுகிறாய். இனி அழிக்காதே." ஓர் ஆசிரியர் என்னை இவ்வளவு கவனித்திருக்கிறார் என்பது பதினாறு வயதில் எனக்குப் பெரிய விடயமாக இருந்தது. இன்றும் ஒரு கூட்டத்தில் சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் விழுங்கப் போகும்போது அந்த வரி முன்னால் வந்து நிற்கும்.

கடைசியாக ஒன்று. இந்த வாழ்த்துகளெல்லாம் சித்தியடைந்த பிள்ளைகளுக்கே போகின்றன. உயர்தரம் எழுதும் பிள்ளைகளில் சிறு பகுதியினருக்குத்தான் பல்கலைக்கழக இடம் கிடைக்கிறது. வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்துபோன பிள்ளையும் அதே பதின்மூன்று வருடம் படித்தவள்தான். அதே முகாமில், அதே விளக்கில் படித்தவள். அவள் பாடசாலையை விட்டு வெளியேறும் நாளில் யாரும் அவளுக்கு எழுதுவதில்லை. நான் சொன்ன அம்மாவின் இளைய மகள் அப்படிப்பட்டவள். இப்போது தையல் பழகுகிறாள். அக்காவின் பட்டமளிப்பு நாளில் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாளே தவிர, ஒரு படத்திலும் தானாக வந்து நிற்கவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், ஒருத்திக்கு எழுதும் வாழ்த்தை மற்றவளும் வாசிப்பாள் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த அம்மா மறக்கவில்லை.

அவருடைய அனுமதியோடு அந்தக் கடிதத்தை இங்கே தருகிறேன். எழுத்துப் பிழைகளை மட்டும் அச்சுக்காகத் திருத்தியிருக்கிறேன். சொற்கள் எல்லாம் அவருடையவை.

"மகள்,

நீ முதல் நாள் கம்பஸுக்குப் போகக்குள்ள பஸ் யன்னலால கை காட்டல்ல. எனக்குச் சரியான கோவம். மூணு மாசம் கழிச்சுத்தான் அழுத முகத்த நான் பாக்கக்கூடா எண்டு திரும்பி இருந்த எண்டு சொன்ன. அண்டைக்கு நானும் கிணத்தடியில போய் அழுத. அத உனக்குச் சொல்லல்ல. இப்ப சொல்றன்.

மண்டபத்தில உன்னக் கூப்பிடக்குள்ள முதல் அப்பாட பேர்தான் வந்திச்சு. அவ்வளவு சனத்துக்கு முன்னால அப்பாட பேர நீ கேக்க வெச்சிட்ட. நான் எவ்வளவு இடத்தில போய் அந்தப் பேரச் சொல்லியிருப்பன். ஒருத்தரும் இப்பிடிச் சத்தமாச் சொல்லல்ல.

நீ உடுத்த சாரிக்குச் சட்டை தைச்சது தங்கச்சி. ராவிருந்து தைச்சவள். நல்லாத் தைச்சிருக்காள் எண்டு எல்லாரும் சொன்ன. அதையும் நீ அவளுக்குச் சொல்லு.

வேலை கிடைக்கல்ல எண்டு யோசிக்காத. எனக்குக் காசு தரோணும் எண்டும் யோசிக்காத. நீ எனக்கு ஒண்டும் தரத் தேவல்ல. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா"

தோழியரே, உங்கள் வீட்டிலும் இப்படி எழுதாமல் கிடக்கும் ஒரு கடதாசி இருக்கலாம். பட்டமளிப்பு முடிந்து பல வருடங்கள் போயிருந்தாலும் பரவாயில்லை. எழுதி முடித்த பிறகு விரும்பினால் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஆனால் முதல் பிரதி பிள்ளையின் கையில் போய்ச் சேரட்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.